ஐஸ்பெட்டிக்குள் கார்ச் சாவி

செந்தூல், பதினோராவது மாடி.
ஆள் குடியிருக்கும் வீடு. ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது வெள்ளி,
கரண்டுக் காசு தனி.
வந்ததும் முதல் வேலையாக ஐஸ்பெட்டியை அணைத்தேன்.
அதன் உறுமல் வசனத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்,
பிறகு எந்த எடிட்டராலும் எழுப்ப முடியாது.
என் மைவியின் சாவியை
மீன் டப்பாவுக்கும் வீட்டுக்காரரின் இன்சுலினுக்கும் நடுவே வைத்தேன்.
திரும்பப் போட மறந்தால்
நானும் வீடு போய்ச் சேரமாட்டேன்.
சவுண்ட்காரர்களின் ஞாபகசக்தி இவ்வளவுதான்.

இயக்குநர் குபேந்திரன்.
ஒரு காலத்தில் என்
விடுங்கள், அது க்ளோசப்.
இப்போது வைட் ஷாட்டில் இருக்கிறோம்:
அவன் மானிட்டருக்குப் பின்னால், நான் குளியலறை வாசலில்,
நடுவே சுருண்டு கிடக்கும் கேபிள்.

இருவர் எதிரெதிரே பேசும்போது
அவர்களுக்கு நடுவே போடாத கோடு ஒன்று இருக்கும்.
கேமரா அதைத் தாண்டினால் போச்சு,
முகம் பார்த்துப் பேசியவர்கள்
திரையில் ஒரே பக்கம் பார்ப்பார்கள்,
பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல.
எங்கள் வீட்டில் யாரோ தாண்டியிருக்கிறார்கள்.
அவன் என்பேன் நான்.
நான் என்பான் அவன்.

ஆ கியோங் ஜன்னலில் நீலத் தாள் ஒட்டி
பிற்பகல் மூன்று மணியை இரவாக்கினான்.
தர்மவதியின் முதுகுப் பக்கம் சின்ன விளக்கு.
பின்னொளி இல்லாட்டி ஆள் சுவரோட சுவரா போயிடும் லா, என்றான்
அவனுடைய சந்தைத் தமிழில்.
எனக்கு அந்தச் சுவரைத் தெரியும்.

காட்சி பதினான்கு.
பெட்டியோடு வாசலுக்கு வந்தவள் திரும்பிச் சொல்ல வேண்டும்:
'அரிசி ஊறப்போட்டிருக்கேன்.'

என் வசனம்.
மூன்று வருஷத்துக்கு முன் நான் சொன்னது.
டைட்டிலில் அவன் பெயர் வரும்.

முதல் டேக்கில் எல்ஆர்டி.
இரண்டாவதில் பாங்கு, எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம்.
மூன்றாவதில் கீழே யாரோ லாரியைப் பின்னெடுத்தார்கள்.
நான்காவதில் இடி.
ஐந்தாவது சுத்தம்.
தர்மவதி கண் கலங்கி, குரல் உடைந்து,
அரிசி ஏதோ செத்துப்போனதைப் போலச் சொன்னாள்.
குபேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு
'சவுண்ட் ஓகேயா?' என்றான்.

ஹெட்போனில் ஒரு தூசிகூட இல்லை.
'மோட்டார்சைக்கிள் போச்சு,' என்றேன்.
'இன்னொரு தடவை.'

என்னைப் பார்த்தான்.
பதினோராவது மாடியில் எந்த மோட்டார்சைக்கிள் என்று கேட்கவில்லை.

ஆறாவதில் அவளுக்குப் பசி.
ஒப்பனை கரைந்திருந்தது. செருப்பில் பாதி கால்.
'அரிசி ஊறப்போட்டிருக்கேன்.'
அவ்வளவுதான்.
கேஸ் பில் கட்டிட்டேன் என்பதுபோல.
அப்படித்தான் சொன்னேன் நான்.

பிறகு அறையின் ஓசை, முப்பது வினாடி.
யாரும் அசையக்கூடாது.
எடிட்டிங்கில் வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே
பள்ளம் தெரியாமலிருக்க
இந்த ஒன்றுமில்லாததை நிரவுவார்கள்.
ஒன்பது பேர் நின்றோம்.
ஆ கியோங்கின் வயிறு. ஜன்னல் தாளின் முனகல்.
இடப்பக்கம், மூன்றடி தூரத்தில்,
மூக்கடைப்பின் மெல்லிய விசில்.
இத்தனை நேரம் சண்டையில்லாமல்
நாங்கள் ஒரே அறையில் இருந்ததே இல்லை.

'கட்' என்றான். கலைந்தோம்.
நான் லிப்டில் கேபிள் பெட்டியோடு
இரண்டு முறை ஏறி இறங்கினேன்.
மூன்றாம் முறை சமையலறைக்குப் போனால்
ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
சாவி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

ரெக்கார்டரை நிறுத்த மறந்திருக்கிறேன்.
வீட்டில் போட்டுக் கேட்டேன்.
பதினெட்டாம் நிமிடம்:
செருப்புச் சத்தம், வலது கால் கொஞ்சம் இழுபடும்.
கதவு திறக்கிறது. சாவிக்கொத்து ஒருமுறை குலுங்குகிறது.
கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
கதவு.
சுவிட்ச்.

எல்லாக் கோப்பையும் அவனுக்கு அனுப்பினேன்,
அதைத் தவிர.